கோபால் சப்ரூட்டினுக்குள் இருந்தபடி, அதை அழைத்த புரோகிராம் எது என்று கண்டுபிடிக்க முடியுமா?

பச்சைத்திரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஓர் ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தின் பாலிசி சிஸ்டத்தை 11 ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். ஐபிஎம் மெயின்ஃபிரேம், இசட்/ஓஎஸ் இயங்குதளம், பெரும்பாலும் என்டர்பிரைஸ் கோபால் 4.2 மொழி, கொஞ்சம் பழைய அசெம்பிளர். இரவில் பேட்ச் (மொத்தமாக ஓடும் ஜாப்கள்), பகலில் சிஐசிஎஸ் (ஆன்லைன் பரிவர்த்தனைகளை நடத்தும் மென்பொருள்).

எங்களிடம் ஒரு தேதி ரூட்டின் (மற்றப் புரோகிராம்கள் அழைத்துப் பயன்படுத்தும் சப்ரூட்டின்) இருக்கிறது. ஆறு இலக்கத் தேதியைக் கொடுத்தால் எட்டு இலக்கத் தேதியாக்கித் தரும். 1998-இல் இரண்டாயிரமாம் ஆண்டுப் பிரச்சினைக்காக எழுதப்பட்டது. விதி எளிமையானது: ஆண்டு 00 முதல் 49 வரை வந்தால் முன்னால் 20, 50 முதல் 99 வரை வந்தால் முன்னால் 19. எங்கள் முதன்மைக் கோப்புகளில் ஆண்டு நான்கு இலக்கம்தான். ஆனால் வெளியிலிருந்து வரும் சில பழைய இடைமுகக் கோப்புகளில் இன்னும் இரண்டு இலக்கம். அவற்றைப் படிக்கும் எல்லாப் புரோகிராமும் இந்த ரூட்டின் வழியாகத்தான் போகின்றன.

இப்போது நிலைமை இது. 25 ஆண்டு பாலிசி ஒன்றின் முதிர்வு ஆண்டு 51 என்று வருகிறது. ரூட்டின் அதை 1951 ஆக்கிவிடுகிறது. சோதனை ஓட்டத்தில், இன்னும் பிரீமியம் கட்டத் தொடங்காத ஒருவருடைய பாலிசி எப்போதோ முதிர்ந்துவிட்டது என்று அறிக்கை வந்தது. சரி, 50 என்ற எல்லையை 70 ஆக்கிவிடலாம் என்றால் அதுவும் முடியாது. 1950களில் எடுத்த முழு ஆயுள் பாலிசிகள் சில இன்னும் நடப்பில் உள்ளன. அவற்றின் தொடக்கத் தேதியும் இதே ரூட்டின் வழியாகத்தான் வருகிறது. 58 என்று வந்தால் முதிர்வுக்கு 2058, தொடக்கத்துக்கு 1958. உள்ளே வந்து சேரும்போது இரண்டும் வெறும் 58. தொடக்கத்தை முதிர்வாக எடுத்துக்கொண்டால், 90 வயதைத் தாண்டிய ஒருவருடைய பாலிசிக் கணக்கு கலைந்துவிடும். அதை நினைத்தால்தான் தூக்கம் வரவில்லை.

அதனால் யார் யார் இதை அழைக்கிறார்கள் என்ற முழுப் பட்டியல் வேண்டும். மூலநிரலில் தேடிப் பார்த்தேன். 140-க்கு மேல் புரோகிராம்கள் வந்தன. ஆனால் சிலவற்றில் பெயர் ஒரு மாறியில் ஏற்றப்பட்டு அழைக்கப்படுகிறது. கம்பைல் செய்து ஓடத் தயாராக இருக்கும் சில லோட் மாட்யூல்களுக்கு மூலநிரலே எங்களிடம் இல்லை. ரூட்டினுக்குள்ளேயே ஒரு பொறி வைத்து, ஓடும்போது அழைத்தவரின் பெயரைப் பதிவு செய்ய வழி உண்டா? அந்தப் பெயரை வைத்து எல்லையையும் மாற்றிக்கொள்ளலாம் என்றும் ஒரு யோசனை. அசெம்பிளர் படிக்க வரும், எழுதிப் பழக்கம் குறைவு.

காப்பிபுக் எழுதியது:

நேர்வழி இருக்கும்போது ஏன் சுற்றுகிறீர்கள்? அழைப்பவர் தன் பெயரை எட்டு எழுத்தில் மூன்றாவது பாராமீட்டராக அனுப்பட்டும். ரூட்டினில் பாராமீட்டர்களை அறிவிக்கும் லிங்கேஜ் செக்ஷனில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

பச்சைத்திரை எழுதியது:

நன்றி. ஆனால் அழைப்பவர் யார் என்று தெரிந்தால்தானே அவரிடம் போய் மூன்றாவது பாராமீட்டரைச் சேர்க்க முடியும்? நான் தேடுவதே அவர்களைத்தான்.

ரெஜிஸ்டர்13 எழுதியது:

தம்பி, காப்பிபுக் சொன்னதை இப்போதைக்குத் தொடவே தொடாதீர்கள். இரண்டு பாராமீட்டர் மட்டும் அனுப்பும் பழைய புரோகிராம் உங்கள் புதிய ரூட்டினை அழைத்தால், மூன்றாவது முகவரி இருக்க வேண்டிய இடத்தில் நினைவகத்தில் அடுத்து என்ன கிடக்கிறதோ அதைத்தான் எடுத்துக்கொள்ளும். அதிர்ஷ்டம் இருந்தால் எஸ்0சி4 பிழையோடு ஜாப் நின்றுவிடும். இல்லையென்றால் சத்தமில்லாமல் தவறான பெயர்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். முடியும். ஓஎஸ்/360 காலத்து அழைப்பு முறைதான் இன்றும் கோபாலுக்கு அடியில் ஓடுகிறது. யாரையாவது அழைக்கும்போது, செயலிக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடங்களான ரெஜிஸ்டர்களில் 13-இல் அழைப்பவரின் சேவ் ஏரியா முகவரி, 14-இல் திரும்ப வேண்டிய முகவரி, 15-இல் அழைக்கப்படுபவரின் நுழைவு முகவரி. சேவ் ஏரியா என்பது ரெஜிஸ்டர்களின் மதிப்புகளைச் சேமித்து வைக்கும் 72 பைட் இடம். அதில், 0-இலிருந்து எண்ணினால், 4-ஆவது பைட்டில் முந்தைய சேவ் ஏரியாவின் முகவரி, 12-இல் ரெஜிஸ்டர் 14, 16-இல் ரெஜிஸ்டர் 15, அப்புறம் 0 முதல் 12 வரை.

இங்கேதான் எல்லோரும் வழுக்குவார்கள், கவனமாகப் படியுங்கள். உள்ளே வருபவர் ரெஜிஸ்டர்களைத் தன் இடத்தில் சேமிப்பதில்லை, அழைத்தவரின் சேவ் ஏரியாவில் சேமிக்கிறார். விருந்துக்கு வந்தவர் தன் பையை வீட்டுக்காரர் அலமாரியில் வைப்பது மாதிரி. ஆகவே உங்களை அழைத்தவரின் அலமாரியைத் திறந்து 16-ஆவது பைட்டைப் பார்த்தால் அங்கே இருப்பது உங்கள் சொந்த நுழைவு முகவரி. அழைத்தவரின் நுழைவு முகவரி வேண்டுமென்றால், அவரை அழைத்தவரின் அலமாரிக்குப் போக வேண்டும்.

ரெஜிஸ்டர் 13 கோபாலுக்குக் கைக்கு எட்டாது. ஒரு சின்ன அசெம்பிளர் உதவி ரூட்டின் எழுதி, அதை உங்கள் தேதி ரூட்டின் அழைக்க வேண்டும். உதவி ரூட்டினுக்குள் நுழையும்போது 13 காட்டுவது தேதி ரூட்டினின் ஏரியா. அதன் 4-ஆவது பைட் வழியே ஒரு படி பின்னே போனால் அழைத்தவரின் ஏரியா. அங்கே 12-இல், அழைத்தவர் எந்த இடத்திலிருந்து அழைத்தார் என்ற முகவரி இருக்கும். இன்னும் ஒரு படி பின்னே போய் 16-ஐப் பாருங்கள். அதுதான் அழைத்தவரின் நுழைவு முகவரி. 31 பிட் முறையில் முகவரியின் முதல் பிட் அடையாளத்துக்காக எரிந்திருக்கலாம். கணக்குப் போடும் முன் அதை அணைத்துவிடுங்கள்.

அசெம்பிளருக்குப் போகும் முன் சோதனைச் சூழலில் ஒன்று செய்து பாருங்கள். கோபால் நிரல்கள் ஓடத் துணைநிற்கும் லாங்குவேஜ் என்விரான்மென்டின் (எல்இ) சிஇஇ3டிஎம்பி சேவையைக் கோபாலிலிருந்தே அழைக்கலாம். 80 எழுத்துத் தலைப்பு, 255 எழுத்து விருப்பங்கள், 12 பைட் பின்னூட்டக் குறி, அவ்வளவுதான். விருப்பத்தில் டிரேஸ்பேக் மட்டும் கேளுங்கள். யார் யாரை அழைத்தார் என்ற சங்கிலி முழுவதும் சிஇஇடம்ப் கோப்பில் வரும். ஒரே ஒரு அழைப்புக்கு இது போதும். பல லட்சம் தடவை அழைக்கப்படும் ரூட்டினில் வைத்தால், வெளியீடு சேரும் இடமான ஸ்பூல் நிரம்பிவிடும்.

சிஐசிஎஸ்_கோவை எழுதியது:

பகல் பகுதிக்கு என் பங்கு. சிஐசிஎஸ் அசைன் கட்டளையில் இன்வோக்கிங்ப்ராக் என்று ஒரு விருப்பம் உண்டு. எட்டு எழுத்தில் பெயர் தரும். ஆனால் சிஐசிஎஸின் லிங்க் அல்லது எக்ஸ்சிடிஎல் கட்டளை மூலம் உங்களிடம் வந்தவரை மட்டுமே அதற்குத் தெரியும். கோபாலின் சாதாரணக் கால் மூலம் வந்தால் சிஐசிஎஸ் அதை ஒரு புதிய படியாகவே எண்ணுவதில்லை. அப்போது கிடைப்பது உங்களை அழைத்தவரின் பெயர் இல்லை, அந்த லிங்க் படிக்கு யார் அனுப்பினாரோ அவருடைய பெயர். எல்லாவற்றுக்கும் மேல் படியில் இருந்தால் எட்டு வெற்றிடம் வரும்.

நாங்கள் ஒருமுறை இதை நம்பி ஒரு பட்டியல் தயாரித்தோம். பாதிக்கு மேல் மெனு புரோகிராமின் பெயரே வந்திருந்தது. அதைச் சரிபார்க்கவே இரண்டு வாரம் ஆனது. டிரான்சாக்ஷன் பெயரை, சிஐசிஎஸ் தரும் இஐபி என்ற தகவல் கட்டத்திலிருந்து எடுத்துச் சேர்த்துப் பதிவு செய்யுங்கள். பிறகு தேட எளிது.

பச்சைத்திரை எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. ஐந்து நாள் உட்கார்ந்து செய்தேன். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் சிஇஇ3டிஎம்பி. அழகாக வந்தது. தேதி ரூட்டின், அதன் மேல் புதுப்பித்தல் புரோகிராம், அதன் மேல் முதன்மைப் புரோகிராம். பார்த்ததும் நம்பிக்கை வந்தது.

பிறகு அசெம்பிளர். ரெஜிஸ்டர்13 சார் எச்சரித்தும் ஒரு படி குறைவாகவே போனேன். எந்த ஜாப் ஓடினாலும் தேதி ரூட்டினின் முகவரியே வந்தது. இன்னொரு படி சேர்த்ததும் முகவரி மாறியது. ஆனால் அந்த முகவரியில் பெயரைக் காணவில்லை. எங்கள் பழைய அசெம்பிளர் புரோகிராம்களில் நுழைவிலிருந்து 5-ஆவது பைட்டில் பெயர் இருக்கும், சேவ் மேக்ரோ அப்படித்தான் வைக்கிறது. கோபால் புரோகிராம்களில் அதே இடத்தில் சிஇஇ என்ற மூன்று எழுத்துதான் இருக்கிறது. எல்லாப் புரோகிராமுக்கும் பெயர் சிஇஇ என்று பதிவானது.

இன்னொரு வழியாக, ஓடும் பணிக்கான கட்டுப்பாட்டுக் கட்டமான டிசிபியிலிருந்து ஜாப் விவரத்தை எடுத்தேன். இது கோபாலிலேயே முடிந்தது. நினைவகத்தின் 540-ஆவது பைட்டில் டிசிபி முகவரி, அதில் 12-ஆவது பைட்டில் டிஐஓடி என்ற அட்டவணையின் முகவரி, அங்கே முதல் 8 எழுத்து ஜாப் பெயர், அடுத்து ஸ்டெப் பெயர். இது பிழையில்லாமல் வருகிறது. ஆனால் ஸ்டெப்பில் ஓடும் புரோகிராமின் பெயரைக் கேட்டால், டிபி2 தரவுத்தள ஜாப்கள் எல்லாவற்றிலும், அவற்றை ஓட்டும் பொதுப் புரோகிராமான ஐகேஜேஇஎஃப்டி01 என்றுதான் வருகிறது.

இன்னொன்றும் தெரிந்தது, அதுதான் என்னை அதிகம் கவலைப்பட வைக்கிறது. புதுப்பித்தல் புரோகிராம் ஒன்றே தொடக்கத் தேதிக்கு ஒருமுறையும் முதிர்வுத் தேதிக்கு ஒருமுறையும் இதே ரூட்டினை அழைக்கிறது. பெயர் தெரிந்தாலும் எந்தத் தேதி என்று தெரியாது. பெயரைப் பார்த்து எல்லையை மாற்றும் என் யோசனை இதோடு விழுந்துவிட்டது.

ரெஜிஸ்டர்13 எழுதியது:

விழுந்தது நல்லதற்குத்தான். அழைத்தவர் பெயரைப் பார்த்து விடையை மாற்றும் ரூட்டினை யாரும் எழுதக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. நாளை யாராவது அந்தப் புரோகிராமை நகலெடுத்து வேறு பெயர் வைத்தால், ஒரு வரியும் மாறாமலே விடை மாறிவிடும். அழைத்தவரைத் தெரிந்துகொள்வது பட்டியல் எடுக்க மட்டும். திருத்தம் வேறு: முதிர்வுக்கு என்று புதிய பெயரில் ஒரு ரூட்டின், பழையது தொடக்கத்துக்கு மட்டும்.

சிஇஇ வந்ததில் உங்கள் தவறு இல்லை. எல்இ வழி நடக்கும் எல்லா நிரலும் நுழைவில் அந்த அடையாளத்தைத்தான் வைக்கும். உங்கள் 4.2 கம்பைலரில் நுழைவிலிருந்து 12-ஆவது பைட்டில் ஒரு முழுச்சொல் இருக்கும். அதை நுழைவு முகவரியோடு கூட்டினால் பிபிஏ1 என்ற கட்டம். அதன் முதல் பைட்டை இரண்டால் பெருக்கி, பிபிஏ1 முகவரியோடு கூட்டுங்கள். அங்கே இரண்டு பைட்டில் நீளமும் அதன் பின்னே பெயரும் இருக்கும். லிஸ்ட் விருப்பத்தோடு கம்பைல் செய்து லிஸ்டிங்கின் தொடக்கத்தைப் பாருங்கள், ஒவ்வொரு பைட்டுக்கும் விளக்கம் அச்சாகியிருக்கும். கம்பைலர் மாறினால் இந்தக் கட்டத்தின் அமைப்பும் மாறலாம் என்பதால், நீண்ட காலத்துக்கு என்றால் எல்இ-யின் சிஇஇடிபிசிகே சேவையைப் பயன்படுத்துங்கள். வெண்டார் இன்டர்ஃபேசஸ் கையேட்டில் இருக்கிறது. ஒரு டிஎஸ்ஏ (எல்இ நிரலின் சேவ் ஏரியா இருக்கும் இடம்) முகவரி கொடுத்தால் புரோகிராம் பெயரையும் அதை அழைத்தவரின் டிஎஸ்ஏவையும் தரும்.

ஒரே புரோகிராம் இரண்டு இடத்திலிருந்து அழைப்பதற்கும் விடை உங்கள் கையிலேயே இருக்கிறது. நான் முதல் பதிலில் சொன்ன 12-ஆவது பைட், திரும்ப வேண்டிய முகவரி. அதிலிருந்து அழைத்தவரின் நுழைவு முகவரியைக் கழியுங்கள். கிடைப்பது அந்தப் புரோகிராமுக்குள் உள்ள தூரம். ஆஃப்செட் விருப்பத்தோடு எடுத்த லிஸ்டிங்கில் அந்தத் தூரத்துக்குச் சற்று முன்னால் இருக்கும் வரிதான் உங்களை அழைத்த கால். ஆகவே பெயரோடு அந்தத் தூரத்தையும் பதிவு செய்யுங்கள்.

இப்போது முக்கியமானது. இதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். அழைப்புகள் ஸ்டேட்டிக்கா (ரூட்டின் முன்பே உள்ளே இணைக்கப்பட்டதா), டைனமிக்கா (ஓடும்போது நூலகத்திலிருந்து ஏற்றப்படுவதா)? ஸ்டேட்டிக் ஆக இணைக்கப்பட்ட ஒவ்வொரு லோட் மாட்யூலுக்குள்ளும் தேதி ரூட்டினின் ஒரு தனி நகல் இருக்கிறது. நீங்கள் பொறி வைத்த புதிய ரூட்டினை நூலகத்தில் போட்டாலும், அந்த மாட்யூல்கள் தங்களுக்குள் இருக்கும் பழைய நகலைத்தான் ஓட்டும். உங்கள் பதிவில் அவை ஒருநாளும் வராது. வரவில்லை என்பதால் அழைக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். ஏஎம்பிலிஸ்ட் புரோகிராமை லோட் நூலகத்தின் மேல் ஓட்டுங்கள், லிஸ்ட்லோட் கட்டளை, மேப் வெளியீடு. உள்ளே தேதி ரூட்டின் பெயர் இருக்கும் மாட்யூல்கள் எல்லாம் ஸ்டேட்டிக். இதற்கு மூலநிரல் தேவையே இல்லை.

பேட்ச்_விழிப்பு எழுதியது:

இரவுப் பணியில் இருப்பவனாக ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு வரி எழுதிவிடாதீர்கள். எங்கள் தளத்தில் ஒருவர் அப்படிச் செய்து, 40 நிமிட ஜாப் மூன்று மணி நேரம் ஓடியது, காலையில் ஆன்லைன் தாமதமாகத் திறந்தது.

வொர்க்கிங் ஸ்டோரேஜில் ஓர் அட்டவணை வைத்துக்கொள்ளுங்கள். ரூட்டின் இனிஷியல் என்று அறிவிக்கப்படாமலும் யாரும் கேன்சல் செய்யாமலும் இருந்தால், அடுத்த அழைப்பிலும் அதன் மதிப்புகள் அப்படியே இருக்கும். உள்ளே வந்ததும் திரும்ப வேண்டிய முகவரியை மட்டும் அட்டவணையில் தேடுங்கள். இருந்தால் உடனே வேலையைப் பாருங்கள். இல்லாவிட்டால் மட்டும் சங்கிலியில் பின்னே போய்ப் பெயரை எடுத்து ஒரு டிஸ்ப்ளே. கடைசியில் எழுதலாம் என்று வைக்காதீர்கள், சப்ரூட்டினுக்கு எது கடைசி அழைப்பு என்று தெரியாது. சிஐசிஎஸ் பக்கம் டிஸ்ப்ளே செய்தது சிஇஎஸ்இ வரிசைக்குப் போகும், அங்கே பாருங்கள்.

பச்சைத்திரை எழுதியது:

ஏழு வாரம் கழித்து வருகிறேன். இடையில் ஒரு மாத முடிவு ஓட்டம் போனது.

ஏஎம்பிலிஸ்ட் முடிவைப் பார்த்தபோது கை நடுங்கியது. 61 லோட் மாட்யூல்களுக்குள் ரூட்டினின் பழைய நகல் இருந்தது. ரெஜிஸ்டர்13 சார் சொல்லாவிட்டால் இந்த 61-ஐயும் பதிவில் வராதவை, எனவே பாதுகாப்பானவை என்று ஒதுக்கியிருப்பேன். அவற்றை முதலில் புதிய நகலோடு மறுபடி லிங்க் செய்தோம், பிறகுதான் பொறியை ஓடவிட்டோம்.

ஓட்ட நேரத்தில் கூடுதல் எதுவும் தென்படவில்லை. பேட்ச்_விழிப்பு சொன்ன அட்டவணை முறைதான் காரணம். ஒரு ஜாப்பில் அதிகபட்சம் 9 வரி வந்தது. பெயர், தூரம், ஜாப், ஸ்டெப், சிஐசிஎஸ் என்றால் டிரான்சாக்ஷன். மூலநிரல் தேடலில் சிக்காத 14 புரோகிராம்கள் வந்தன, அவற்றில் 11 மாறியில் பெயர் ஏற்றி அழைப்பவை. புதுப்பித்தல் புரோகிராமில் மூன்று தூரங்கள் பதிவாகின. லிஸ்டிங்கோடு ஒப்பிட்டால் ஒன்று தொடக்கம், இரண்டு முதிர்வு. இரண்டாவது முதிர்வு அழைப்பு, கடன் நிலுவை உள்ள பாலிசிகளுக்கான ஒரு கிளைக்குள் இருந்தது. அதைப் படித்துக் கண்டுபிடித்திருக்கவே மாட்டேன்.

ஒரு சந்தேகம் மீதி இருக்கிறது. மூலநிரல் இல்லாத மூன்று மாட்யூல்கள், மூன்றும் ஸ்டேட்டிக், மூன்றும் முதிர்வுத் தேதிக்கு மட்டுமே அழைக்கின்றன. தூரத்தை டிஸ்அசெம்பிள் செய்து பார்த்து உறுதி செய்தேன். இவற்றை எப்படிப் புதிய ரூட்டினுக்குத் திருப்புவது?

ரெஜிஸ்டர்13 எழுதியது:

லோட் மாட்யூலை இணைத்துத் தரும் பைண்டர் பார்த்துக்கொள்ளும். புதிய ரூட்டினின் ஆப்ஜெக்டை முதலில் இன்க்ளூட் செய்யுங்கள். அடுத்து ஒரு சேஞ்ச் கட்டளை, பழைய பெயர் அடைப்புக்குறிக்குள் புதிய பெயர். அதற்குப் பிறகு பழைய லோட் மாட்யூலை இன்க்ளூட். சேஞ்ச் அதற்கு அடுத்து வரும் மாட்யூலுக்குள் மட்டும் வேலை செய்யும். உள்ளே இருக்கும் பழைய நகலுக்கும் புதிய பெயர் வந்துவிடும். ஆனால் ஒரே பெயரில் இரண்டு வந்தால் பைண்டர் முதலில் வந்ததைத்தான் வைத்துக்கொள்ளும். என்ட்ரி கட்டளையை மறக்காதீர்கள், இல்லையென்றால் மாட்யூல் தேதி ரூட்டினிலிருந்தே ஓடத் தொடங்கலாம். பழைய மாட்யூலை வேறொரு நூலகத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

மாத முடிவு மட்டும் போதாது, தம்பி. வருட முடிவில் மட்டும் ஓடும் ஜாப்கள் இருக்குமே?

பச்சைத்திரை எழுதியது:

இருக்கின்றன சார், நான்கு. பொறியை எடுக்காமல் விட்டிருக்கிறேன். மூன்று மாட்யூல்களையும் சோதனைச் சூழலில் நீங்கள் சொன்னபடி லிங்க் செய்தேன், 51 என்று கொடுத்தால் 2051 வருகிறது. பழைய ரூட்டினுக்குத் தொடக்கத் தேதியாக 58 கொடுத்தும் பார்த்தேன், 1958 அப்படியே இருக்கிறது. மார்ச் 31 ஓட்டம் முடிந்ததும் அந்த நான்கு ஜாப்களின் பட்டியலையும் இங்கேயே போடுகிறேன்.